இரண்டு தலை, ஒரு ஜோடிக் காது

காதுக் கருவி அணிபவர்கள் இரண்டு வகை என்று முகிலரசன் தன் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் வரியில் எழுதினான். எல்லாவற்றையும் படித்துவிட்டு அப்டேட் செய்யாதவர்கள் ஒரு வகை. எதையும் படிக்காமல் அப்டேட் செய்யாதவர்கள் மறுவகை. இந்த இரு வகையினரையும் ஒரே ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்து ஒரே பொத்தானை அமுக்கவைப்பதே இந்த ப்ராஜெக்டின் நோக்கம்.

கைடு அந்தப் பத்தியைப் படித்தார். "இதுல இன்ஜினியரிங் எங்க இருக்கு?" என்றார்.

"பொத்தான்ல இருக்கு சார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கும் அன்று வேறு வேலை இருந்தது.

கருவியின் பெயர் ஆந்தை. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு முழுக் கம்ப்யூட்டர், அதற்குள் லினக்ஸ். இடது, வலது என்று ஜோடியாகத்தான் விற்றார்கள். தமிழ்நாடு முழுக்க முகாம் போட்டு இலவசமாகவும் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனி பலகையைக் கழற்றிக்கொண்டு காணாமல் போனது. லினக்ஸ் என்பதால் மென்பொருள் மட்டும் அனாதையாகாமல் பிழைத்தது. அங்கங்கே தன்னார்வலர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். தமிழில் அப்டேட் அனுப்பும் பொறுப்பு திருச்சி புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியின் லினக்ஸ் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சங்கத்தில் பஜ்ஜி தரும் கூட்டங்களுக்கு முப்பது பேர் வருவார்கள். மற்ற நாட்களில் முகிலும் ரிஸ்வானாவும்.

ரிஸ்வானா மென்பொருளின் குடலைக் கவனிப்பவள். முகில் முகத்தைக் கவனிப்பவன். மௌஸைத் தொடுவது பலவீனம் என்று அவள் நம்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் மரண அறிவிப்புதான் ஞாபகம் வரும் என்று அவன் நம்பினான். மற்றபடி நல்ல நண்பர்கள்.

"இடது காதுக்கும் வலது காதுக்கும் எவ்ளோ தூரம்?" என்று அவள் ஒருநாள் லேபில் கேட்டாள்.

"ஒரு சாண்."

"இடது பக்கம் கேக்கறத வலது பக்கத்துக்கும் அனுப்பணும்ல? அத இவனுங்க எப்படி அனுப்பியிருக்கானுங்க தெரியுமா? காதுல இருந்து போனுக்கு. போன்ல இருந்து கம்பெனி சர்வருக்கு. அங்கேருந்து திரும்ப இன்னொரு காதுக்கு."

"ஒரு சாணுக்கா?"

"ஒரு சாணுக்குத்தான்டா. ஸ்ரீரங்கத்துல ஏறி திருவானைக்காவல்ல இறங்க சிங்கப்பூர் வழியா டிக்கெட் போட்ட மாதிரி."

"சரி, கம்பெனிதான் செத்துப்போச்சே?"

"கம்பெனி செத்துடுச்சு, அட்ரஸ் சாகல. எவனோ அந்த சர்வர் பேரை வாங்கிட்டான். இப்ப அந்த வழியா காதுக்குள்ள விளம்பரம் விடுறான். போன வாரம் உறையூர் கல்யாணத்துல என்ன ஆச்சுன்னு கேள்விப்படல?"

கேள்விப்பட்டிருந்தான். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் காதில் மட்டும் ஒரு பெண்குரல், 'உங்களுக்குச் சம்மதமா?' என்று நகைக்கடனுக்காகக் கேட்டிருக்கிறது. அவர் மண்டபமே அதிர, "வேண்டவே வேண்டாம்!" என்று கத்தியிருக்கிறார். மேளம் நின்றது. பெண்ணின் அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்குள் முகூர்த்தமே முடியப் பார்த்தது.

"இன்னிக்கு விளம்பரம் விடுறவன் நாளைக்கு ஒட்டுக் கேப்பான்" என்றாள் ரிஸ்வானா. "அதனால அந்த வழிய மொத்தமா அடைச்சுட்டேன். இனிமே ரெண்டு காதும் நேரா பேசிக்கும். திருட்டுக்கும் ஒரு பூட்டு போட்டிருக்கேன். எல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன், படிச்சுக்கோ."

அவள் எழுதி அனுப்பியது ஆறு பக்கம். முகில் முதல் பத்தியைப் படித்தான். மீதியை நட்பின் பேரில் நம்பினான். அவன் கவலை போனில் வந்து நிற்கும் அப்டேட் ஜன்னல்தான். அதில் இரண்டு முகங்கள் வைத்தான். 'விவரமா சொல்லு' என்று தொட்டால் ஆறு பக்கமும் வரும். 'சும்மா சொல்லு' என்று தொட்டால் ஒரே வரி: 'சிறு மேம்பாடுகள்.' அதன் கீழே இட்லி அளவில் பச்சையாக 'சரி'. ஓரத்தில் கடுகு அளவில் 'பிறகு'.

"ஆறு பக்கத்த ரெண்டு வார்த்தையாக்கிட்டியே" என்றாள் ரிஸ்வானா.

"அவங்களுக்கு அது போதும்."

"அவங்கன்னா?"

"டெக்னிக்கல் இல்லாதவங்க."

"அப்படி ஒருத்தரையாவது நேர்ல பாத்திருக்கியா நீ?"

இல்லைதான். சோதனைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

டெக்னிக்கல் ஆளுக்குப் பஞ்சமில்லை. லேப் அசிஸ்டென்ட் லூர்துசாமி இருந்தார். ஐம்பதை நெருங்குபவர். இடது காதில் ஆந்தை, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். லேபிலிருந்த அத்தனை கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏற்றியவர் அவர்தான். ஒரு மென்பொருளின் மாற்றப் பட்டியலை, மற்றவர்கள் ஜாதகத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பவர். முகில் திங்கட்கிழமை அவரிடம் ஆறு பக்கத்தைக் கொடுத்தான். புதன்கிழமை அவர் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, இந்த மூணாவது பத்தியில ரிஸ்வானா பாப்பா ஒரு காரணம் சொல்லியிருக்கு. அந்தக் காரணத்துக்கு என்ன காரணம்?"

"அண்ணே, முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் ஓடக்கூடாது தம்பி. இது காது."

லூர்து அண்ணனிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. திடீரென்று கத்துவார். அன்றும் முதலாண்டு மாணவன் ஒருவனுக்குப் பின்னால் நின்று அவன் எழுதிய நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "லெஃப்ட்ல பஸ்ஸு! ஒடி, ஒடி!" என்று அலறினார். பையன் பயந்துபோய் தன் நிரலில் இடப்பக்கம் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டான். நிரல் ஓடியது.

அண்ணனுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்பது மாணவர்களின் பொதுவான கருத்து. முகில் முதன்முறையாக அவரிடமே கேட்டான்.

"யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

"செலின்கிட்டதான் தம்பி. என் சம்சாரம். ஆட்டோ ஓட்டுறா. இப்ப மெயின்கார்டு கேட் தாண்டிட்டா."

"போன் எங்கண்ணே?"

"போன் எதுக்கு? எனக்கு வலது காது முழுசா அவுட்டு. இடது கொஞ்சம் தேறும். அவளுக்கு அப்படியே உல்டா. முகாம்ல என் கார்டுக்கு ஒரு ஜோடி கொடுத்தாங்க. அவளுக்கு ஏதோ ஊனச் சதவீதம் பத்தலைன்னுட்டாங்க. எனக்கு எதுக்கு ரெண்டு? இடது நான் போட்டுக்கிட்டேன், வலது அவ போட்டுக்கிட்டா." அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. "அப்புறம் பாத்தா, எனக்குக் கேக்குறது அவளுக்குக் கேக்குது, அவளுக்குக் கேக்குறது எனக்குக் கேக்குது. எங்க இருந்தாலும். ரெண்டு காதும் ஒரே மண்டையில இருக்குதுன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு."

பேருந்தில் ஒரே இயர்போனை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு போகும் ஜோடிகளை முகில் பொறாமையோடு பார்த்திருக்கிறான். அவர்களுக்குக்கூட இறங்கும் நிறுத்தம் என்று ஒன்று உண்டு. இவர்கள் வருடக்கணக்காக இறங்கவே இல்லை.

"தொந்தரவா இருக்காதாண்ணே, நாள் பூரா?"

"எது?" என்றார் அண்ணன், நிஜமாகவே புரியாமல்.

முகிலுக்கு மனம் நெகிழ்ந்தது. அடுத்த கணமே அவனுள் இருந்த டிசைனர் விழித்துக்கொண்டான். "அக்கா அப்டேட் எல்லாம் பண்ணுவாங்களாண்ணே?"

"அவளா? வந்தா தள்ளிவிட்ருவா. ஒரு வரி படிக்க மாட்டா."

தேடிய ஆள் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை செலின் அக்கா கல்லூரி வாசலில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். தானாக ஓடும் ஆட்டோக்கள் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அவை திருச்சியின் முதல் வேகத்தடையிலேயே தத்துவ விசாரத்தில் இறங்கிவிடுவதால் அக்காவின் பிழைப்புக்குக் குறைவில்லை.

"இந்த ஜன்னல் வந்தா என்ன பண்ணுவீங்கக்கா?" என்று முகில் பழைய அப்டேட் ஜன்னலின் படத்தைக் காட்டினான்.

"பிறகுன்னு போட்டிருக்குல்ல, அதத்தான்."

"ஏன்க்கா?"

"வண்டி ஓட்டுறப்பதான்பா வருது. இவன் என்ன கேக்குறான்னு படிச்சா மேம்பாலத்துல இருந்து கீழ இருப்பேன்." சட்டென்று காற்றைப் பார்த்து, "ஆமாங்க, உங்க லேபு பையன்தான். ஒல்லியா இருக்கான். சாப்புடுறானா என்னன்னு தெரியல" என்றார்.

முகில் புதிய ஜன்னலை அவருடைய போனுக்கு அனுப்பினான். அது வந்து விழுந்த நொடியிலேயே அவர் கட்டைவிரல் பச்சையை அமுக்கிவிட்டது.

"என்ன போட்டிருந்துச்சுன்னு பாத்தீங்களாக்கா?"

"பச்சையா இருந்துச்சு, அமுக்கிட்டேன். தப்பா?"

"இல்லக்கா! அதான் வேணும்!" முகிலுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு நான்-டெக்னிக்கல் பயனர், ஒரே தொடலில்! அப்டேட் முழுதாக இறங்கி வேலைக்கு வர அரைமணி ஆகும்; ஜோடி ஒரே பதிவில் இருந்ததால் லூர்து அண்ணனின் காதிலும் சேர்ந்தே இறங்கத் தொடங்கியது. அவர் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

செலின் அக்கா ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு நகருக்குள் போனார்.

அரைமணி கழித்து லேபில் லூர்து அண்ணன் பேச்சை நிறுத்தினார். ஏதோ ஒரு கேபிளைக் கையில் பிடித்தபடி தலையைச் சாய்த்து நின்றார்.

"செலினு?"

பதில் இல்லை.

"கோவமா?" என்றார். பிறகு, இருபது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, காற்றிடம் வரிசையாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "ஃபிளாஸ்க்க கழுவாம வெச்சதுக்கா? … உந் தம்பியப் பத்திச் சொன்னேனே, அது சும்மா சொன்னதும்மா. … சரி, அந்த மஞ்சச் சேலை நல்லாத்தான் இருந்துச்சு. செலினு?"

மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவர் போனை எடுத்துக் கூப்பிட்டபோதும் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் மணி அடித்து ஓய்ந்து, அவர் நான்காவது தடவை கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ரிஸ்வானா உள்ளே வந்தாள். முகில் நடந்ததைச் சொன்னான். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஒரே ஜோடியா? ஆளுக்கொரு காதா?"

"ஆமா, அதான் விசேஷமே…"

"நான் எழுதினத படிச்சியா இல்லையா?"

"முதல் பத்தி."

"நாலாவது பக்கம்டா! ரெண்டு காதும் ரெண்டு மீட்டருக்கு மேல பிரிஞ்சு பத்து நிமிஷம் இருந்தா, துணைக் காது திருடு போயிடுச்சுன்னு அர்த்தம். அது தூங்கிடும். வலதுதான் துணை." அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள். "அக்காவுக்கு இன்னொரு காது?"

"அது சுத்தமா கேக்காது" என்றான் முகில்.

லூர்து அண்ணன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இப்ப அவளுக்கு எதுவுமே கேக்காதா? ஹாரன் கூடவா?" என்றார். இருவரும் வாயைத் திறப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ரிஸ்வானாவின் ஸ்கூட்டரில் மூவரும் ஏறினார்கள். சட்டம் இரண்டு பேரைத்தான் அனுமதிக்கிறது. சட்டம் அப்போது வேறெங்கோ இருந்தது.

"கடைசியா என்ன கேட்டுச்சுண்ணே?"

"கரும்பு ஜூஸ் மெஷின் மணி. அப்புறம் பூண்டு விக்கிற மைக்கு. பாலக்கரைதான், சந்தேகமே இல்ல."

பாலக்கரையில் ஜூஸ் கடை இருந்தது, மணி இருந்தது, செலின் அக்கா இல்லை. அடுத்த ஜூஸ் கடையிலும் இல்லை. திருச்சியில் எத்தனை கரும்பு ஜூஸ் கடைகள் இருக்கின்றன என்பது அன்றுதான் முகிலுக்கு உறைத்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ஆம்புலன்ஸ் சத்தம் வந்தால் மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்கே இருந்தாலும் நிப்பாட்டிடும்மா, ஓரமா நிப்பாட்டிடு, நான் வந்துட்டிருக்கேன். பழக்கதோஷம். கேட்கும் என்றே அவர் வாய் நம்பியது.

காந்தி மார்க்கெட் வளைவில் ஆட்டோ நின்றது. ஓரமாகத்தான். பின்சீட்டில் கத்தரிக்காய்ப் பையோடு ஒரு அம்மாள் கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். செலின் அக்கா இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. அவர் இமைகூட அசையவில்லை.

அண்ணன் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். பின்னாலிருந்து ஓடினார். ஓடும்போதும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆட்டோவுக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது ரிஸ்வானாவின் பூட்டு தன் கடமையைச் சரியாகச் செய்தது. ஜோடி அருகில் வந்துவிட்டதால் காது விழித்துக்கொண்டது.

"…நான் வந்துட்டிருக்கேன்மா, வந்துட்டேன்…"

செலின் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. அது எப்போதும் உள்ளே இருந்துதான் வரும். முகத்தை மட்டும் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"செலினு, நான் பின்னாடிதான் நிக்கிறேன்."

"பேசிக்கிட்டே இருந்தீங்க" என்றார் அவர், கைகளுக்குள்ளிருந்து. "பாதியில நின்னுபோச்சு. எனக்குக் காது போயிடுச்சுன்னு தோணவே இல்லங்க. நீங்க போயிட்டீங்கன்னுதான் தோணுச்சு."

அண்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கத்தரிக்காய் அம்மாள்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டு, "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

டீக்கடையில் வைத்து ரிஸ்வானா லேப்டாப்பைத் திறந்தாள். செலின் அக்காவின் காதைத் தனிப் பதிவாக மாற்றினாள். இனி அது யாருக்கும் துணைக் காது அல்ல, எங்கு போனாலும் தூங்காது.

"ஹாரன் கேக்கும்கா. எல்லாம் கேக்கும்."

"அவரு?"

ரிஸ்வானா டீயைப் பார்த்தாள். "அது வராதுக்கா. அந்த வழியாத்தான் விளம்பரக்காரன் வந்தான். அதத் திறந்தா ஊர்ல எல்லாருக்கும் திறக்கணும்."

"எங்களுக்கு மட்டும் ஒரு சின்ன சந்து விட முடியாதா பாப்பா?" என்றார் அண்ணன்.

"உங்களுக்குத் தெரியாததாண்ணே? சந்துன்னு விட்டா சந்துதான். யார் வேணா வருவான்."

அண்ணனுக்குத் தெரியும். இதே வாக்கியத்தை அவர் வருடாவருடம் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்பவர். தலையாட்டினார்.

"நல்லா இருக்கு" என்றார் செலின் அக்கா, சிரிக்க முயன்று. "கல்யாணம் ஆகி இத்தன வருஷம் கழிச்சு, எங்க மாமியாரால முடியாதத இந்தப் பொண்ணு ஒரு டீ குடிக்கிற நேரத்துல பண்ணிடுச்சு. பிரிச்சு வெச்சிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை.

முகில் அன்றே அப்டேட்டை மற்றவர்களுக்குப் போகாமல் நிறுத்தினான். 'சிறு மேம்பாடுகள்' என்ற வரியை அழித்தான். அந்த இடத்தில் எதை எழுதுவது என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். ஆறு பக்கம் எழுதுவது சுலபம், இரண்டு வார்த்தை எழுதுவது அதைவிடச் சுலபம் என்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதருக்கு அவருடைய வாழ்க்கையில் என்ன மாறப்போகிறது என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை என்றும் அவனுக்குப் புரிந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வியை எழுதினான்.

'உங்கள் இரண்டு காதுக் கருவிகளும் ஒரே தலையில் இருக்கின்றனவா?'

கீழே 'ஆமாம்', 'இல்லை'. ஒரே அளவு, ஒரே நிறம்.

ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள். "ஊரே சிரிக்கப்போகுது. ராவணன் எவனாவது இருந்தா அவன் ஒருத்தன்தான் யோசிப்பான்."

"சிரிக்கட்டும். கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்."

பதில்கள் வர ஆரம்பித்தன. முதல் நாள் முடிவில் நாலில் ஒருவர் 'இல்லை' என்று அமுக்கியிருந்தார்.

ரிஸ்வானா ஏதோ பிழை என்று நினைத்து நிரலைச் சரிபார்த்தாள். பிழை இல்லை. கீழே கருத்து எழுத முகில் விட்டிருந்த சின்னப் பெட்டியில் ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஆம்பூரில் அண்ணன் தம்பி, ஒருவன் தோல் பட்டறையில், ஒருவன் துபாயில். சாத்தூரில் ஒரு அம்மா வலது, கல்யாணமாகிப்போன மகள் இடது. தேனியில் இரண்டு நண்பர்கள், 'நாங்கள் சொந்தக்காரர்கள் இல்லை, அதனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பீர்களா?' என்று பயந்து கேட்டிருந்தார்கள். ஜோடியாகக் கொடுத்ததை இவர்கள் எப்படித் தங்களுக்கே வைத்துக்கொள்வார்கள்? தேவைப்பட்ட இன்னொரு ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது?

அவள் எல்லாவற்றையும் படித்தாள். பிறகு மௌஸைத் தானே எடுத்து மேலே உருட்டி மறுபடி படித்தாள். முகில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

"இது ஓட்டை இல்லடா" என்றாள் கடைசியில். "இத நாம ஒழுங்கா கட்டித் தரணும். நடுவுல எந்தக் கம்பெனியும் இல்லாம. ரெண்டு பேரும் தனித்தனியா சரின்னு சொன்னாத்தான் திறக்கணும், ஒருத்தர் வேணாம்னாலும் மூடிக்கணும். ரெண்டு வாரம் கொடு."

அந்த இரண்டு வாரமும் லேப் அமைதியாக இருந்தது. யாரும் யாரையும் வண்டியை ஒடிக்கச் சொல்லவில்லை. லூர்து அண்ணன் கேபிள்களைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். ஒரு முதலாண்டு மாணவன், "அண்ணே, சும்மாவாவது கத்துங்கண்ணே" என்றான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முகில் தினமும் செலின் அக்காவின் ஆட்டோவில் கல்லூரிக்கு வந்தான். காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டான். இரண்டாம் நாள் ஒரு சத்தம் கேட்டது. மோட்டாரில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். மோட்டார் இல்லை. அக்கா பாடிக்கொண்டிருந்தார்.

அது பாட்டு என்று புரியவே சற்று நேரமாகும். பல்லவி ஒரு சுருதியில் கிளம்பி, வழியில் வேறொருவர் வீட்டுக்குப் போய், சரணத்தில் களைத்துத் திரும்பியது. சிக்னலில் நின்ற பைக்காரர் ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அக்காவின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாடுவீங்களாக்கா?"

"இப்பத்தான்பா. கல்யாணத்துக்கு முந்தி எந்நேரமும் பாடுவேன். இவரு கோயில் பாடகர் குழுவுல இருந்த ஆளு, தப்பா ஒரு சுரம் விழுந்தா தாங்க மாட்டாரு. இது காதுக்கு வந்தப்புறம், நான் தில்லைநகர்ல பாடுனா அவரு லேபுல இருந்து திருத்துவாரு. அன்பாத்தான் திருத்துவாரு." ஒரு பள்ளத்தில் வண்டியை மெதுவாக இறக்கினார். "அதோட விட்டுட்டேன்."

அடுத்த நாட்களில் அவர் விடாமல் பாடினார். முகிலுக்குத் தலை வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ரிஸ்வானா சொன்னபடி முடித்தாள். ஜன்னலில் முகில் இம்முறை நாலு வரி எழுதியிருந்தான். புறநகர்ச் சாலையில் செலின் அக்காவின் ஆட்டோவில் அவனும் இருந்தபோது அது அவர் போனுக்கு வந்தது. அவர் வண்டியை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார். சவாரி வேறு யாருமில்லை.

'நீங்கள் சம்மதித்தால், நீங்கள் கேட்பதும் பேசுவதும் லூர்துசாமிக்குக் கேட்கும். அவர் கேட்பதும் பேசுவதும் உங்களுக்குக் கேட்கும். வேறு யாருக்கும் கேட்காது. இருவரில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.'

முகிலின் போனில் ரிஸ்வானாவின் செய்தி வந்தது: 'அண்ணன் அமுக்கிட்டாரு. படிக்கவே இல்ல!! ஒரு எழுத்து கூட!!'

"அக்கா, அவரு அமுக்கிட்டாராம். உங்க பக்கம்தான் பாக்கி."

"இரு, படிக்கிறேன்."

விரலால் வரி வரியாகத் தொட்டு, உதடு அசைய, நாலு வரியையும் படித்தார். கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது.

"சந்தேகமா இருந்தா வேணாம்கா. கட்டாயம் ஒண்ணும் இல்ல. நெஜமாத்தான் சொல்றேன்."

"சந்தேகம் என்னப்பா சந்தேகம். ராத்திரி அவரு ரெண்டடியில படுத்திருந்தாலும் பகல் பூரா யாரோ ஒருத்தி வீட்டு ஆளு மாதிரி இருக்கு" என்றார். "இந்தப் பாட்டு மட்டும் முடிஞ்சிரட்டும்."

போனை மடியில் வைத்தார். பாடினார். பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம். இரண்டாம் சரணத்தில் வார்த்தை மறந்தது, நானானா போட்டு நிரப்பினார். மரத்தில் இருந்த காக்கைகள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தன. முகில் அசையாமல் கேட்டான். 'அக்கா ஏன் இன்னும் அமுக்கலன்னு அண்ணன் கேக்குறாரு' என்று ரிஸ்வானாவின் செய்தி மறுபடி வந்தது. முடிந்ததும் அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, 'சம்மதம்' என்பதை அமுக்கினார்.

ஒரு நொடி. பிறகு அவர் தோள்கள் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் குரல் முகிலுக்குக் கேட்கவில்லை. ஆனால் அது வெகுநேரம் பேசியது, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டது என்பது தெரிந்தது.

செலின் அக்கா கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு வண்டி இல்லை. ஒரே ஒரு ஆடு நடுவில் நின்று போஸ்டர் தின்றுகொண்டிருந்தது.

"அத ஏங்க கேக்குறீங்க" என்றார். "இங்க ஒரே டிராஃபிக்."